பசுமைக்குடிலில் கோழிகள்: குளிர்காலத்துக்கான எளிய விளக்கம்

வெளியே தண்ணீர் உறையும் குளிர், ஆனால் வானம் பளிச்சென்று இருக்கிறது. மதியம் ஒரு மணிக்குப் பாலித்தீன் போர்த்திய குடிலுக்குள் குனிந்து நுழைகிறீர்கள். முகத்தில் ஊசியாகக் குத்திய காற்று சட்டென்று நின்றுவிடுகிறது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் ஆவி படிந்து ஒரு நிமிடம் கண் தெரியாது. உள்ளே தெர்மாமீட்டர் 20 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. கோழிகள் வெயில் விழும் பக்கமாக ஒரு சிறகையும் ஒரு காலையும் நீட்டிப் போட்டு, அரைக்கண் மூடிப் படுத்திருக்கின்றன. இதைப் பார்க்கிற யாருக்கும், சரி, குளிர்காலக் கவலை தீர்ந்தது என்றுதான் தோன்றும்.

அதே குடிலுக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். வெளியே இருக்கும் குளிருக்கும் உள்ளே இருக்கும் குளிருக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்காது. பாலித்தீனின் உட்புறத்தில் வெண்பனி பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் உருகி மணிக்கட்டு வரை வழியும்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும், மிச்சமெல்லாம் தச்சுவேலைதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தச்சுவேலையில்தான் முதலில் இறங்குகிறார்கள். அதனால் இங்கே புரிந்துகொள்வதற்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

பசுமைக்குடில் கோழிக்கூடு என்றால், வில்லாக வளைத்த குழாய்களோ தடித்த கம்பிச் சட்டங்களோ நட்டு, அதன்மேல் வெளிச்சம் நுழையும் பாலித்தீனோ பாலிகார்பனேட் தகடோ போர்த்தி, தரையில் கணுக்கால் புதையும் அளவுக்குக் காய்ந்த கூளம் பரப்பிய ஒரு கூடு. குளிர்நாடுகளில் கோடையில் காய்கறி விளைந்த குடில் குளிர்காலத்தில் சும்மா கிடக்கும், கோழி மேய்ந்த புல்வெளி பனிக்கடியில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கோழிகளைக் குடிலுக்கு மாற்றினார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜோயல் சலாட்டின் குடும்பம் நடத்தும் பாலிஃபேஸ் பண்ணை இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். அங்கே முட்டைக்கோழிகள் குளிர்காலத்தைக் குடிலில் கழிக்கின்றன. வசந்தத்தில் அவை புல்வெளிக்குத் திரும்பிய பிறகு அந்தத் தரையில் காய்கறி போடுகிறார்கள். கொல்லையில் ஆறேழு கோழி வைத்திருப்பவருக்கும் இதே யோசனைதான், அளவுதான் சிறியது.

கோழியின் போர்வை

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. நம்முடையதைவிட நான்கு டிகிரி அதிகம். அந்தச் சூட்டைக் காப்பாற்றுவது அதன் இறகு. வெளியே தெரியும் இறகுக்கு அடியில் மெல்லிய பஞ்சு போன்ற இன்னோர் அடுக்கு இருக்கிறது. குளிர் ஏறும்போது கோழி உப்பிக்கொண்டு பந்து மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது இறகுகளுக்கு நடுவே காற்றைச் சிறைபிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த அசையாத காற்றுதான் போர்வை. இறகு நனைந்தாலோ, காற்று வீசி இறகைப் பிரித்தாலோ அந்தப் போர்வை கலைந்துவிடும். நனையாமலும் காற்று அடிக்காமலும் இருந்தால், வளர்ந்த, நன்றாகத் தின்னும் கோழி உறைநிலைக்குக் கீழே போகும் இரவையும் பெரிய சிரமமில்லாமல் தாண்டிவிடும்.

இறகு மூடாத இடங்கள்தான் பிரச்சினை. கொண்டை, தாடி, கால் விரல். காலுக்கு உடம்பிலேயே ஓர் ஏற்பாடு உண்டு: கீழே இறங்கும் சூடான இரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் ஓடுவதால், இறங்கும் சூடு பாதி வழியிலேயே ஏறும் இரத்தத்துக்குப் போய்விடும், வெளியே வீணாவதில்லை. இரவில் கட்டையில் உட்கார்ந்து வயிற்று இறகால் விரல்களை மூடிக்கொள்ளவும் கோழிக்குத் தெரியும். கொண்டைக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்வதுதான் ஒரே வழி. பெரிய கொண்டை உள்ள சேவலுக்கு அதுவும் முழுதாக முடியாது.

இன்னும் கோழி வாங்காதவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லெகார்ன் போல நிமிர்ந்த பெரிய ஒற்றைக் கொண்டை உள்ள இனங்களுக்கு உறைபனிக் காயம் எளிதில் வரும். தலையோடு ஒட்டிய கொண்டை உள்ள வயண்டாட், பிரம்மா போன்றவை தப்பித்துக்கொள்ளும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், ஓக்கா மடாலயத்துத் துறவி வில்ஃப்ரிட் சாட்லென், அந்த ஊர்க் குளிருக்கென்றே ஷாண்டெக்ளேர் என்ற இனத்தை உருவாக்கினார். அதில் கொண்டையும் தாடியும் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும், அவ்வளவு சிறியவை.

பாலித்தீன் பகலில் செய்வதும் இரவில் செய்யாததும்

வெயில் பாலித்தீன் வழியாக நுழைந்து கூளத்தையும் மண்ணையும் கோழிகளையும் சூடாக்குகிறது. அவை பக்கத்திலிருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. திறந்த வெளியாக இருந்தால் அந்தச் சூடான காற்று மேலே எழும்பிப் போய்விடும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். பாலித்தீன் அந்தப் போக்குவரத்தைத் தடுத்துவிடுகிறது. பகல் சூட்டின் பெரும்பகுதி இதனால்தான்.

இரவில் உள்ளே வரும் வெயில் இல்லை. பாலித்தீனோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கனமில்லாத தாள். சேர்த்து வைத்த சூடு அதன் வழியே சூரியன் மறைந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. கோழிகளின் உடற்சூடு குடிலைக் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு கோழி வெளியிடுவது ஏறத்தாழ 10 வாட். பத்துக் கோழி சேர்ந்தால் பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்று. நன்றாக மூடிய சின்ன மரப்பெட்டிக்குள் அது தெரியும். பாலித்தீன் குடிலுக்குள் இருக்கிற இடமே தெரியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. சூடான பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் சூட்டை இழக்கும். கண்ணாடி அதைத் தடுக்கும். சாதாரண பாலித்தீன் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். ஆக, மேகமில்லாத இரவில் குடிலுக்குள் உட்கார்ந்திருக்கும் கோழி, சூட்டைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட திறந்த வானத்தின் கீழ் உட்கார்ந்த மாதிரிதான். வெட்டவெளியில் படுத்தால் பனி இறங்கும், மரத்தடியில் இறங்காது என்று சொல்வோமே, அதே கணக்கு. கோழிகளின் தலைக்கு மேல் ஒரு பிளைவுட் பலகை இருந்தால் போதும், அது மரத்தடியாகிவிடும்.

சிலர் சூட்டைச் சேமிக்கக் கறுப்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள். 200 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஆறும்போது சுமார் 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை விடும். கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சூடும் அதே மெல்லிய தாள் வழியாகத்தான் போகப் போகிறது என்பதால், அதை நம்பி வேறெதையும் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இரவில் சூடு தராவிட்டால் குடில் எதற்கு? காற்றை நிறுத்துகிறது, பனியும் மழையும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்கிறது, இருண்ட மாதங்களில் கோழிகள் நாள் முழுக்கக் கிளறித் திரிய வெளிச்சமான, காய்ந்த தரை தருகிறது. பனி மூடிய முற்றத்தில் கால் வைக்க மறுத்து, இருட்டுக் கூட்டுக்குள்ளேயே நான்கு மாதம் அடைந்து கிடந்து, ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கிக்கொள்ளும் கோழிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தண்ணீர் எங்கே போகிறது

என் முதல் குளிர்காலத்தில் நான் குடிலின் ஒவ்வோர் இடுக்கையும் தேடித் தேடி டேப் ஒட்டி அடைத்தேன். கோழிகளுக்கு நல்லது செய்கிறேன் என்று முழு மனதோடு நம்பினேன். இரண்டாவது வாரத்தில் சேவலின் கொண்டை நுனிகள் சாம்பல் வெள்ளையாகி, பிறகு கறுத்துப்போயின. அந்த வாரம் அப்படியொன்றும் கடுங்குளிர் அடிக்கவில்லை. காரணம் ஈரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு கோழி குளிர்காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் குடிக்கும். முட்டைக்குள் போகும் சிறு பங்கைத் தவிர, மிச்சமெல்லாம் மூச்சாகவும் எச்சமாகவும் குடிலுக்குள்ளேயே வெளியே வருகிறது. எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பத்துக் கோழிக்கு நாளுக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 நாள் குளிர்காலத்தில் 200 லிட்டர், அதாவது ஒரு பெரிய டிரம் நிறைய. நீங்களே தினமும் இரண்டு பாட்டில் தண்ணீரைக் கூளத்தில் ஊற்றுவதாக நினைத்துப் பாருங்கள். அது எங்கேயாவது வெளியேற வேண்டும்.

குடிலில் இது மரக்கூட்டைவிட மோசமாகும். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யம் டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மதியம் வெயிலில் கூளம் ஆவி விட்டு, காற்று ஈரத்தை உறிஞ்சி நிறைந்திருக்கிறது. சூரியன் மறைந்ததும் அந்தக் காற்று ஆறுகிறது, தாங்க முடியாத 12 கிராமைப் பாலித்தீனில் துளியாக விட்டுவிடுகிறது. 3 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரமுள்ள ஒரு சின்னக் குடிலில் சுமார் 30 கனமீட்டர் காற்று இருக்கும். ஒரே மாலையில் ஒன்றரை டம்ளர் தண்ணீருக்கு மேல் கூரையில் ஒட்டுகிறது. அது கொஞ்சம் வழிந்து ஓரத்துக்குப் போகும், கொஞ்சம் கோழிகளின் முதுகிலும் கூளத்திலும் சொட்டும். மறுநாள் வெயிலில் மறுபடி ஆவியாகும். வெளியேறவே வழியில்லாமல் அதே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்க, தினமும் புதிதாக 2 லிட்டர் சேர்ந்துகொண்டே போகும்.

ஈரக் காற்றில் கொண்டையின் மேல் ஈரம் படிந்து, காய்ந்த காற்றில் தாக்குப்பிடித்திருக்கும் அதே குளிரில் உறைந்துவிடுகிறது. இறகின் போர்வை தளர்கிறது. ஈரக் கூளத்தில் எச்சம் அழுகி அம்மோனியா கிளம்புகிறது. இரத்தக்கழிச்சல் நோயின் கிருமிக்கு முதிர்ச்சி அடைய வேண்டியதும் வெதுவெதுப்பும் ஈரமும்தான், குடிலின் பகல் நேரம் அதற்கு இரண்டையும் கொடுக்கிறது. பூசணம் பிடித்த வைக்கோல் கோழியின் நுரையீரலைப் பாதிக்கும். நோய்கள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்.

அதனால் குடிலில் காற்றுப்போக்கு வேண்டும், உறைபனி இரவிலும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். சூட்டை வெளியே விடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம். அந்தச் சூடு இரவில் எப்படியும் நிற்கப்போவதில்லை, அது போகும்போது ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.

காற்றோட்டமும் காற்றடிப்பும் வேறு வேறு. ஈரமான காற்று எழும்பி உச்சியில் தேங்கும். ஆகவே திறப்புகள் உச்சியை ஒட்டி, இரண்டு முனைச் சுவர்களிலும், கோழிகள் உட்காரும் உயரத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். கோழி வளர்ப்பவர்களிடையே புழங்கும் ஒரு தோராயக் கணக்கு, ஒரு கோழிக்கு ஒரு சதுர அடித் திறப்பு. குடில் வாசிகளுக்கு நான் அதற்குக் கீழே போகச் சொல்லமாட்டேன். கோழிகள் உட்காரும் மட்டத்தில் காற்று அசையவே கூடாது. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி: உதிர்ந்த சின்ன இறகு ஒன்றை நூலில் கட்டி, கோழிகள் அடையும் கட்டைக்கு மேல் அவற்றின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். காற்று வீசும் இரவில் போய்ப் பாருங்கள். உச்சியில் கட்டிய இறகு ஆட வேண்டும், கீழே கட்டியது சும்மா தொங்க வேண்டும். கீழே இருப்பதும் ஆடினால், அந்த உயரத்துக்கு எதிரே எங்கோ ஒரு சந்து இருக்கிறது, அதை அடையுங்கள்.

கூரையின் வளைவும் முக்கியம். தட்டையான உச்சியில் துளி அங்கேயே கனத்துச் சொட்டும். செங்குத்தாக எழும் கூரையில் வழிந்து ஓரத்தில் இறங்கிவிடும். உங்கள் குடிலின் உச்சி தட்டையாக இருந்தால், அடையும் கட்டையை நட்டநடுவில் போடாதீர்கள்.

கூளம்

பசுமைக்குடில் கூட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தரைதான். ஆழ்கூள முறை என்று சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் காய்ந்த மரச்சீவல், சருகு, நறுக்கிய வைக்கோல் எது கிடைக்கிறதோ அதை 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பித் தொடங்குகிறோம். எச்சம் விழ விழ, அள்ளிப் போடாமல், மேலே புதிய கூளத்தைத் தூவிக்கொண்டே போகிறோம். குளிர்காலம் முடியும்போது 30 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். எச்சத்தில் நைட்ரஜன் அதிகம், மரச்சீவலில் கார்பன் அதிகம். இரண்டும் கலந்து, கொஞ்சம் ஈரமும் காற்றும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்கத் தொடங்கும். மக்கும்போது மெல்லிய சூடு வரும். குடிலையே சூடாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் வெளியே தரை இரும்பாக இறுகிக் கிடக்கும்போது உள்ளே கூளம் கோழியின் காலடியில் மெத்தென்று இருக்கும்.

இதைப் புரட்டிப் போடும் வேலையைக் கோழிகளே செய்யும். மாலையில் ஒரு கை தானியத்தைக் கூளத்தின் மேல் விசிறுங்கள். இரண்டு காலாலும் மாறி மாறிச் சீய்த்து, ஓர் அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, கொத்தி எடுக்கும். தானியம் தேடும் சாக்கில் மேல்கூளம் முழுக்கப் புரண்டுவிடும். கெட்டியாகித் தட்டுத்தட்டாக இருக்கும் இடங்களை மட்டும் நீங்கள் மண்வாரியால் உடைத்து விட்டால் போதும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று கையால் பார்க்கலாம். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிழிந்து கையை விரியுங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம், காய்ந்த கூளம் சேர்க்க வேண்டும், கூடவே காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும். லேசாக ஒட்டிப் பிறகு உதிர்ந்தால் சரியாக இருக்கிறது. தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது.

அம்மோனியாவை மூக்கால் பார்க்கலாம், ஆனால் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. கோழியின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூளத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். காற்றில் 10 லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா போகக்கூடாது என்பது கோழி வளர்ப்பில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. உங்கள் கண் கரிக்கிறது என்றால் கோழியின் கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஏற்கெனவே கெடுதல் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு மூலையில் மட்டும் கூளத்துக்குப் பதிலாகக் காய்ந்த மண்ணும் சலித்த மரச்சாம்பலும் போட்டு வையுங்கள், புழுதிக் குளியலுக்கு. குளிர்காலத்தில் பேனும் செள்ளும் பெருகும், வெளியே மண் உறைந்து கிடப்பதால் கோழிக்குக் குளிக்க வேறு இடம் இல்லை.

குடிலுக்குள் ஒரு பெட்டி

இதுவரை சொன்னதிலிருந்து என் சிபாரிசு என்னவென்று ஊகித்திருப்பீர்கள். குடிலைப் பகல் நேரத்து முற்றமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அடைய, அதற்குள்ளேயோ அதை ஒட்டியோ ஒரு சிறிய மரக்கூடு வையுங்கள். மூன்று பக்கம் பலகை, மேலே பலகைக் கூரை, முன்பக்கம் திறந்தோ பாதி திறந்தோ இருக்கட்டும். இரவில் ஈரம் முன்பக்கமாக வெளியேறிக் குடிலின் உச்சித் திறப்பு வழியே போய்விடும். கூரைப்பலகை சொட்டும் துளியையும் தடுக்கும், வானத்துக்குப் போகும் சூட்டையும் தடுக்கும். பெரிய வேலை முடியாது என்றால் அடையும் கட்டைக்கு மேலும் பின்னாலும் இரண்டு பிளைவுட் பலகை அடித்தாலே பாதிப் பலன் கிடைத்துவிடும்.

அடையும் கட்டை உருண்டைக் கம்பாக வேண்டாம். 5 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள மரச்சட்டத்தின் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி போட்டால், விரல்கள் தட்டையாகப் பதியும், மேலே வயிற்று இறகு மூடிக்கொள்ளும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். குளிர் இரவில் எல்லாம் ஒரே பக்கமாக நெருக்கிக்கொண்டு உட்காரும், அது பரவாயில்லை.

தரையிடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரவு அடைய மட்டும் ஒரு கோழிக்கு 4 சதுர அடி போதும் என்பார்கள். மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கப் போகின்றன என்றால் 8 முதல் 10 சதுர அடி கொடுங்கள். இடம் கூடினால் கூளம் காய்வதும் எளிது.

சட்டம், தாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசுமைக்குடிலுக்கென்றே வரும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் 150 அல்லது 200 மைக்ரான் பாலித்தீன் வாங்குங்கள். கட்டட வேலைக்கான சாதாரணத் தாள் ஒரு பருவத்தில் நொறுங்கி, துண்டுதுண்டாகக் கூளத்தில் கலக்கும், கோழி அதைக் கொத்தும். வட அரைக்கோளத்தில் நீண்ட பக்கம் தெற்கு நோக்கி இருக்கட்டும், வடக்குப் பக்கத்தில் பலகையோ வைக்கோல் கட்டுகளோ வைத்து மூடலாம், அங்கிருந்து வெயில் வரப்போவதில்லை. பனி அதிகம் விழும் இடமென்றால் நடுவில் ஊன்றுகோல் கொடுங்கள். விழுந்த பனியை உள்ளிருந்து துடைப்பத்தால் தட்டி அன்றைக்கே இறக்கிவிடுங்கள், ஈரப்பனியின் கனம் பெரிய குடிலையும் உட்கார வைத்துவிடும்.

பாலித்தீன் எந்த மிருகத்தையும் தடுக்காது. நரிக்கும் மரநாய்க்கும் அது ஒரு நகக்கீறல் வேலை. கீழிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்ட் மெஷ் அடித்து, அதே வலையை வெளிப்பக்கமாகத் தரையில் ஓர் அடிக்கு மேல் படரவிட்டு மண்ணால் மூடுங்கள். தோண்ட வரும் மிருகம் சுவரோரம்தான் தோண்டும், வலையில் இடித்துத் திரும்பிவிடும். உச்சித் திறப்புகளுக்கும் வலை கட்டாயம். அது சிட்டுக்குருவிகளையும் தடுக்கும். காட்டுப் பறவைகளின் எச்சம் வழியாகப் பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில், கூரையும் வலையும் உள்ள குடில் பெரிய பாதுகாப்பு. இங்கிலாந்து முழுவதும் 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை கோழிகளை வெளியே விடக்கூடாது என்று அரசு உத்தரவு இருந்தது. முற்றத்தையே கூரைக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட உத்தரவைச் சமாளிப்பது சுலபம்.

முட்டை, தண்ணீர், விளக்கு

குடிலில் வைத்தால் குளிர்காலத்திலும் முட்டை குறையாது என்று சிலர் நினைக்கிறார்கள். முட்டையை நிறுத்துவது முக்கியமாகக் குளிரல்ல, பகலின் நீளம். கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தைக் கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டி மூளையின் உட்பகுதியாலும் அது உணர்கிறது. குடில் பகலைப் பிரகாசமாக்கும், நீளமாக்காது. முட்டை வேண்டுமென்றால் டைமரோடு ஒரு சிறிய எல்.இ.டி. பல்பை விடியலுக்கு முன்னால் எரியவிடுங்கள். மாலையில் நீட்டித்தால், விளக்கு சட்டென அணையும்போது கட்டையில் ஏறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே தங்கிவிடும். விளக்கே போடாமல் ஓய்வுக்கு விடுவதும் நல்ல முடிவுதான், இறகு உதிர்த்து புதிதாக வளர்த்துக்கொள்ள உடம்புக்கு அந்த நேரம் உதவும்.

தண்ணீர் உறைந்துவிட்டால் கோழி தீனியும் எடுக்காது. கறுப்பு ரப்பர் தொட்டியை வெயில் படும் பக்கத்தில் வையுங்கள், பகலில் பெரும்பாலும் உறையாது. உறைந்தாலும் கவிழ்த்து மிதித்தால் கட்டி கழன்று விழும். இரவில் வெளியே எடுத்துவிடுங்கள், கோழி இருட்டில் குடிக்காது, ஆவிதான் சேரும். தீனி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். அடையும் முன் மக்காச்சோளமோ கோதுமையோ கொடுத்தால் இரவு முழுக்கச் செரித்துக்கொண்டே இருக்கும், அந்தச் செரிமானமே சூடு தரும்.

சூட்டு விளக்கு மட்டும் வேண்டாம். காய்ந்த கூளம், பறக்கும் இறகுத்தூசி, தலைக்கு மேலே பாலித்தீன். இந்த மூன்றுக்கும் நடுவில் கொதிக்கும் ஒரு பல்பைத் தொங்கவிடுவதைவிட ஆபத்தான வேலை கோழிக்கூட்டில் வேறில்லை. வளர்ந்த கோழிக்கு அது தேவையும் இல்லை.

குளிர்காலத்தின் கடைசியில் வரும் வெயில்

குளிரில் கோழி செத்துவிடுமோ என்று பயந்தவர்கள் கோழியைச் சூட்டில் இழப்பது இந்தக் குடிலில்தான். குளிர்காலம் முடியும் தறுவாயில் சூரியன் உயரத்துக்கு வந்துவிடும். வெளியே இன்னும் 8, 10 டிகிரிதான் இருக்கும், நாமும் கம்பளிதான் போட்டிருப்போம். மூடிய குடிலுக்குள் மதியம் 35 டிகிரியைத் தொட்டுவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. 30 டிகிரியைத் தாண்டும்போது வாயைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கும், சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். அதுவும் குளிர்கால இறகு முழுசாகப் போர்த்திய உடம்போடு. காலையில் மேகம், பத்து மணிக்கு மேகம் கலைந்தது, நீங்கள் வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்றால் திறந்துவிட ஆள் இல்லை.

இதற்காகவே பக்கவாட்டுத் தாள்களைச் சுருட்டி ஏற்றும்படி அமையுங்கள். வெளியில் போகிற நாளில் சந்தேகமிருந்தால் திறந்துவிட்டே போங்கள். பசுமைக்குடிலுக்கென்று கிடைக்கும் தானியங்கித் திறப்பான் ஒன்றை உச்சிக் கதவில் மாட்டுவது இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து கதவைத் தள்ளும், மின்சாரம் வேண்டாம். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றைக் கோழிகளின் உயரத்தில் தொங்கவிடுங்கள். முதல் குளிர்காலத்தில் அது சொல்லும் எண்களைத் தினமும் எழுதி வைத்தால், அடுத்த வருடம் எந்த வாரத்தில் எந்தத் தாளைச் சுருட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கோழிகள் வெளியே போன பிறகு கூளத்தை அள்ளிக் குவித்து மக்கவிடலாம், அல்லது அந்தத் தரையிலேயே பயிர் வைக்கலாம். பயிர் வைப்பதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். பச்சை எருவில் நோய்க்கிருமிகள் இருக்கும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் ஒரு கணக்கு இருக்கிறது: மக்காத எரு போட்ட மண்ணைத் தொட்டு விளையும் காய், கீரை, கிழங்குகளுக்கு எரு போட்டதிலிருந்து அறுவடை வரை 120 நாள் இடைவெளி வேண்டும், மண்ணைத் தொடாதவற்றுக்கு 90 நாள். அந்தக் கணக்குப்படி, வசந்தத்தின் தொடக்கத்தில் கோழிகளை வெளியே விட்டால் முதலில் கீரை விதைக்காதீர்கள். கொடியேற்றிக் கட்டும் தக்காளி நடுங்கள், அது காய்த்துப் பழுப்பதற்குள் 90 நாள் தாண்டியிருக்கும்.